ஓர் எழுத்துப் பிழையும் அதன் திருத்தமும்

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு மருந்து வழக்கில் தலையிட மறுத்து விட்டது. டெல்லி ஹைகோர்ட்டின் உத்தரவு அப்படியே நின்றது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரோஷ் கம்பெனி வாதி. ஹைதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ கம்பெனி பிரதிவாதி. ஒரு புட்டி சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்று வந்த மருந்து, அவ்வுத்தரவின் பயனாக 15,900 ரூபாய்க்குக் கடைக்கு வந்தது. விலை இவ்வளவு இறங்கியதைக் கண்டு வியந்தவர்கள் பலர். ஆனால் அந்தப் புட்டிக்குள் இருப்பது யாது, அது உடலினுள் சென்று என்ன காரியம் செய்கிறது என்று விசாரித்தவர்கள் சிலரே. அதை விசாரித்தறிவது அவசியமென்பது நமது அபிப்பிராயம். வக்கீல்களின் வாதத்தையும் விலைப் பட்டியலையும் மட்டும் அறிந்த ஒருவனுக்கு, சர்க்காரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்பது வீண் என்பது தெரியாது.

நமது உடலில் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. நான்கே எழுத்துக்களைக் கொண்டு எழுதப்பட்ட சாசனம் அது. ரிஜிஸ்தர் ஆபீஸில் மூலப் பத்திரத்தை வெளியே விடுவதில்லை. வேண்டியவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுப்பார்கள். உயிரணுவிலும் அவ்விதமே. மூலம் உள்ளேயே இருக்கும். வேண்டிய பகுதிக்கு மட்டும் நகல் எடுக்கப்படும். அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். நகல் வெளியே சென்றதும் அதிலுள்ள வாசகத்தைப் படித்துப் புரதங்கள் செய்யப்படுகின்றன. ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமோகுளோபினும் தசைகளின் நாரும் இத்தகைய புரதங்களே.

மூலத்திலுள்ள வாசகம் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும் என்றே 1977-ஆம் வருஷம் வரையில் சாஸ்திரிகள் நம்பியிருந்தனர். அவர்கள் அதுவரை ஊன்றி ஆராய்ந்தவை பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள். அவற்றில் வாசகம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அவ்வருஷம் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸில் பிலிப் ஷார்ப்பின் கூட்டத்தாரும், கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் கூட்டத்தாரும், சளிக் காய்ச்சலை உண்டாக்கும் அடினோ வைரஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் நகலையும் மூலத்தையும் ஒன்றோடொன்று பொருந்த விட்டு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தனர். மூலம் முழுவதும் நகலோடு பொருந்தவில்லை. ஆங்காங்கே மூலத்தின் நீண்ட பகுதிகள் ஜோடியின்றி வளையம் வளையமாக வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அதாவது நகலிலிருந்து அப்பகுதிகளை யாரோ கத்தரித்து எறிந்து விட்டு, மிஞ்சியவற்றை ஒட்டியிருக்கிறார்கள். இதற்காக 1993-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வளையங்களைக் கண்டறிந்த ஆராய்ச்சியில் பெரும் பங்குகொண்ட லூயிஸ் சௌ, ஸூஸன் பெர்கெட் என்னும் மாதர்களின் பெயர்கள் பரிசுப் பட்டியலில் இல்லை என்பதையும் நேயர்கள் குறித்துக்கொள்ளலாம்.

நகலில் நிலைத்து நிற்கும் துண்டுக்கு எக்ஸான் என்றும், வெட்டி எறியப்படும் துண்டுக்கு இன்ட்ரான் என்றும் 1978-இல் வால்டர் கில்பர்ட் பெயரிட்டார். எறியப்படுவது கொஞ்சமன்று. தசைகளுக்கு உறுதி தரும் டிஸ்டிரோபின் என்னும் புரதத்தின் மூலம் சுமார் 22 லட்சம் எழுத்துக்கள் கொண்டது. வெட்டி ஒட்டி முடிந்தபின் எஞ்சுவது சுமார் 14,000 எழுத்தே. அதுவும் 79 துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது. நூறு பக்கம் எழுதி ஒரு பக்கத்துக்கும் குறைவாக அச்சேற்றுகிற பத்திராதிபர் உலகில் எவரும் இரார்.

எங்கே வெட்டுவதென்று உயிரணு எவ்வாறு அறிகிறது? இன்ட்ரானின் தலையில் பெரும்பாலும் ஜி, யு என்னும் இரண்டு எழுத்துக்களும், வாலில் ஏ, ஜி என்னும் இரண்டு எழுத்துக்களும் உண்டு. வாலுக்குச் சற்று முன்பாக ஒரு தனி ஏ இருக்கும். இந்த அடையாளங்களைத் தேடிப் பிடிப்பவை ஐந்து சிறு கருவிகள். யு-1, யு-2, யு-4, யு-5, யு-6 என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றும் ஒரு சிறு ஆர்.என்.ஏ.யும் சில புரதங்களும் சேர்ந்தது. யு-1 தலையைப் பற்றுகிறது. யு-2 அந்தத் தனி ஏ-யைப் பற்றி அதைச் சற்று வெளியே பிதுங்கச் செய்கிறது. பிறகு மற்ற மூன்றும் வந்து சேர, தலை வெட்டுண்டு அந்த ஏ-யின் மீது வளைந்து ஒட்டிக்கொள்கிறது. இன்ட்ரான் சுருக்குக் கயிறு போலாகி விடுகிறது. அடுத்த க்ஷணத்தில் வாலும் வெட்டுண்டு, இருபுறத்து எக்ஸான்களும் ஒன்றாய் இணைகின்றன. சுருக்குக் கயிறு கழன்று போய் அழிகிறது. இந்தக் கருவிகளின் வேலையை அறிந்த வரலாறு விசித்திரமானது. லூபஸ் என்னும் வியாதியில் நோயாளியின் ரத்தம் தன் உடலையே பகையாகக் கருதித் தாக்கும். அத்தகைய நோயாளிகளின் ரத்தத்திலிருந்த பொருள்களைத் தூண்டிலாகக் கொண்டு, யேல் ஸர்வகலாசாலையில் ஜோன் ஸ்டைட்ஸ் அம்மையாரும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும் இக்கருவிகளைப் பிடித்தெடுத்தனர். நோயாளியின் துன்பமே சாஸ்திரத்துக்கு வழிகாட்டியது.

இத்தனை வெட்டும் ஒட்டும் எதற்காக என்று கேட்கலாம். ஒரே மூலத்திலிருந்து பல வாசகங்களைப் பெறுவது இதன் ஒரு பயன். சில இடங்களில் ஓர் எக்ஸானைச் சேர்த்தும், சில இடங்களில் அதை விட்டும் ஒட்டினால் வேறு வேறு புரதங்கள் உண்டாகின்றன. மனிதனிடம் புரதத்துக்கான மூலங்கள் சுமார் 20,000 தான். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இப்படிப் பலவிதமாக ஒட்டப்படுகின்றன. பழ ஈயின் ஒரே ஒரு மூலத்திலிருந்து 38,016 விதமான வாசகங்கள் உண்டாவதற்கு இடமிருக்கிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வேலை எவ்வளவு நுட்பமோ பிழைக்கும் அவ்வளவு இடமுண்டு. ஓர் எழுத்து அதிகமாகவோ குறைவாகவோ வெட்டினால், அதற்குப் பின்னுள்ள வாசகம் முழுவதும் பொருளற்றதாகி விடும். வெட்டும் இடத்தின் அடையாளத்தில் ஓர் எழுத்து மாறினாலும் போதும். கருவி அவ்விடத்தை அறியாமல் வேறிடத்தில் வெட்டும்.

மேற்சொன்ன வழக்குக்குக் காரணமான வியாதிக்கு ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி என்று பெயர். முதுகுத் தண்டிலுள்ள நரம்பணுக்கள் மாண்டு, அவற்றின் ஆணைக்குட்பட்ட தசைகள் சூம்பிப் போகும். சுமார் 10,000 பிரசவங்களுக்கு ஒரு குழந்தை இவ்வியாதியோடு பிறக்கிறது. கொடிய வகையில், சிகிச்சை இல்லாவிடில், குழந்தை தலை நிமிராமலும் உட்காராமலும் இருந்து, மூச்சு விடும் தசைகளும் தளர்ந்து, பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் இறந்து போகிறது. அறிவுக்கு மாத்திரம் ஒரு குறையும் இராது. இதற்குக் காரணம் எஸ்.எம்.என்.-1 என்னும் மூலம் இல்லாமற் போவதென்று 1995-இல் பிரான்ஸ் தேசத்தில் ஜூடித் மெல்கி அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் கண்டுபிடித்தனர்.

மனிதனுக்கு அந்த மூலத்தின் இரண்டாம் பிரதி ஒன்றும் உண்டு. அதற்கு எஸ்.எம்.என்.-2 என்று பெயர். முதற் பிரதி இழந்த குழந்தையிடமும் இரண்டாம் பிரதி இருக்கிறது. அப்படியிருந்தும் அது ஏன் காப்பாற்றவில்லை? அதன் ஏழாவது எக்ஸானில், ஸி இருக்க வேண்டிய ஓரிடத்தில் டி இருக்கிறது. வேடிக்கை என்னவெனில், இந்த மாற்றத்தால் வாசகத்தின் பொருள் சிறிதும் மாறுவதில்லை. இரண்டு எழுத்தும் ஒரே அமினோ அமிலத்தையே குறிக்கும். ஆனால் ‘இந்தத் துண்டை விட்டு விடாதே’ என்று ஒட்டும் கருவிகளுக்குச் சொல்லும் குறிப்பு கெட்டுப் போகிறது. ஆகவே நூறு நகல்களில் சுமார் தொண்ணூற்றில் ஏழாவது எக்ஸான் விடுபட்டுப் போகிறது. அந்த நகல்களிலிருந்து பிறக்கும் புரதம் நிலைப்பதில்லை. எஸ்.எம்.என். புரதத்தின் முக்கியமான வேலை யாதெனில், மேலே சொன்ன யு-1 முதலிய கருவிகளில் பெரும்பாலானவற்றைக் கோத்துக் கொடுப்பதே! ஒட்டும் கருவிகளைச் செய்பவனே ஒட்டும் பிழையினால் குன்றிப் போகிறான்.

நோயாளியின் உயிரணுவிலேயே நல்ல வாசகம் இருக்கிறது. அதை விட்டு விடாமல் ஒட்டச் செய்தால் போதும் என்பது இதனால் விளங்கும். 2006-இல் மாஸசூஸெட்ஸ் வைத்தியப் பள்ளியில் ரவீந்திர சிங்கும் எலியட் ஆண்ட்ரோபியும் அவர்களுடைய சகாக்களும், அந்த ஏழாவது எக்ஸானை அடுத்துள்ள இன்ட்ரானில் பதினைந்து எழுத்துக்கொண்ட ஓரிடத்தைக் கண்டனர். அந்த எக்ஸானை ஒட்ட விடாமல் தடுப்பது அவ்விடமே. அதை மறைத்து விட்டால் எக்ஸான் ஒட்டப்படுகிறது. கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ஏட்ரியன் கிரெய்னரும், கலிபோர்னியாவிலுள்ள ஐயோனிஸ் கம்பெனியின் பிராங்க் பென்னட்டும் அவ்விடத்தை மறைக்கும் 18 எழுத்துக்கொண்ட ஒரு செயற்கைத் துண்டை உருவாக்கினார்கள். அதுதான் நுஸினெர்ஸென் என்னும் மருந்து. முதுகுத் தண்டின் நீரில் அதை ஊசியால் செலுத்த வேண்டும். குழந்தைகளிடம் நடந்த பரீட்சையில் பலன் வெளிப்படையாகத் தெரிந்ததனால், மருந்து பெறாத குழந்தைகளை அப்படியே வைத்திருப்பது தர்மமாகாதென்று 2016-இல் பரீட்சையை முன்னதாகவே நிறுத்தினார்கள். அவ்வருஷம் டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. விலை, முதல் வருஷத்துக்கு ஏழரை லட்சம் டாலர்.

ரிஸ்டிப்ளாம் பிறகு வந்தது. இது ஊசியன்று; வாயால் பருகும் மருந்து. அந்த எக்ஸானின் கடைசியில் யு-1 கருவி வந்து பற்ற வேண்டிய இடத்தில் பிடி தளர்ந்திருக்கிறது. இம்மருந்தின் அணு அந்தச் சந்தில் ஆப்பு வைத்தாற்போல் அமர்ந்து பிடியை இறுக்குகிறது. ரோஷ் கம்பெனி, பி.டி.ஸி. என்னும் அமெரிக்கக் கம்பெனி, 2003-இல் அமெரிக்காவில் ஏற்பட்ட எஸ்.எம்.ஏ. பவுண்டேஷன் என்னும் தர்ம ஸ்தாபனம் ஆகிய மூவரும் கூடிச் செய்த காரியம் இது. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2021-இல் இந்தியாவுக்கு வந்தது.

இனி வழக்குக்கு வருவோம். ரோஷ் கம்பெனி முதலில் ஒரு பேடண்டில் ஒரு பொதுவான சட்டத்தை வரைந்து, அதில் பொருந்தக்கூடிய ஏராளமான பொருள்களுக்கு உரிமை கொண்டாடியது. பின்னர் ரிஸ்டிப்ளாம் என்னும் குறிப்பிட்ட பொருளுக்குத் தனியாக வேறொரு பேடண்டு வாங்கியது; அதன் ஆயுள் 2035 வரையில். முந்தியதில் காட்டப்பட்ட ஒரு பொருளில், ஒரு கார்பனும் ஹைட்ரஜனும் இருந்த இடத்தில் ஒரு நைட்ரஜனை வைத்தால் பிந்தியது கிடைத்து விடுகிறது. இதில் புதிதாகக் கண்டுபிடித்தது என்ன என்பது நாட்கோவின் வாதம். இவ்வாதம் பேடண்டின் செல்லுபடியையே சந்தேகத்துக்குள்ளாக்குகிறதென்று கண்டு, 2025 மார்ச்சில் தனி நீதிபதி இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். அக்டோபர் 9-ஆம் தேதி இரு நீதிபதிகள் அடங்கிய பெஞ்சும் அதையே ஊர்ஜிதம் செய்தது. இவை இடைக்காலத் தடையைப் பற்றிய தீர்ப்புகளே. பேடண்டு செல்லாதென்ற இறுதித் தீர்ப்பு அல்ல. நமது நண்பர்கள் மேடையில் பேசும்போது இந்தப் பேதத்தை மறக்கக் கூடாது.

ஆயினும் இந்த வாதத்துக்கு இடமளித்த சட்டம் தானாக வந்ததன்று. வெள்ளையர் விட்டுச்சென்ற 1911-ஆம் வருஷத்துப் பேடண்டுச் சட்டத்தைத் திருத்துவது பற்றி 1959-இல் அறிக்கை எழுதியவர் சென்னையைச் சேர்ந்த நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். அந்நியர் இந்நாட்டில் பேடண்டு வாங்குவது இங்கே பண்டம் செய்வதற்காகவன்று, பிறர் செய்யாமல் தடுப்பதற்காகவே என்பதை அவர் புள்ளி விவரங்களோடு எடுத்துக் காட்டினார். அதன்மேல் எழுந்ததுதான் 1970-ஆம் வருஷத்துச் சட்டம். 2005-இல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் ஒப்பந்தத்துக்காக மருந்துகளுக்குப் பேடண்டைத் திரும்பவும் ஏற்க நேர்ந்தபோதும், பழைய பொருளைச் சிறிது மாற்றிப் புதிதென்று சொல்வதைத் தடுக்கும் ஷரத்துக்கள் சேர்க்கப்பட்டன. கம்பெனிகள் பணம் செலவிட்டே மருந்து செய்கின்றன. ரோஷ் ஒன்றும் செலவிடவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் எஸ்.எம்.என். மூலத்தைக் கண்டதும், ஓர் எழுத்தின் பிழையைக் கண்டதும், அதைத் திருத்தலாமென்று முதலில் காட்டியதும் பெரும்பாலும் ஸர்வகலாசாலைகளும் பொதுப்பணமும் தர்ம ஸ்தாபனங்களுமே. பேடண்டின் காலம் முடிந்த பிறகும் இன்னொரு பேடண்டு கேட்பவர், இந்தக் கடனையும் கணக்கில் எழுத வேண்டாமா?

விலை இறங்கியதன் பொருளைச் சிறு கணக்கால் காணலாம். 20 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள நோயாளிக்கு நாள்தோறும் 5 மில்லிகிராம் வேண்டும். ஒரு புட்டியில் 60 மில்லிகிராம். ஆக 12 நாள். அரிய வியாதிகளுக்கான 2021-ஆம் வருஷத்துக் கொள்கைப்படி மத்திய சர்க்கார் கொடுக்கும் உதவித்தொகையின் உச்ச வரம்பு 2022-இல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய விலையில் அதைக் கொண்டு எட்டுப் புட்டி வாங்கலாம். மூன்று மாதத்துக்குச் சற்றே அதிகம். அதன் பிறகு? கம்பெனி சலுகைத் திட்டங்கள் வைத்திருந்தது உண்மையே. எனினும் சலுகை என்பது கொடுப்பவன் மனம்போல் நடப்பது. 15,900 ரூபாய் விலையில் அதே 50 லட்சத்துக்கு 314 புட்டி. பத்து வருஷத்துக்குப் போதும். மருந்து அதே மருந்து. திட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மூன்று மாதக் கண்துடைப்பாக இருந்தது உண்மையான உதவியாக மாறியிருக்கிறது. குழந்தையின் படத்தைக் கைப்போனில் அனுப்பி, முன்பின் அறியாதவர்களிடம் 16 கோடி ரூபாய்க்கு மடிப்பிச்சை கேட்ட பெற்றோர்களை நாம் மறக்கவில்லை. அது, ஒரே ஊசியில் முதற் பிரதியைப் புதிதாகப் புகுத்தும் வேறொரு சிகிச்சையின் விலை.

இம்மருந்தைப் பற்றி மிகையாகச் சொல்வதும் தவறு. மாண்டு போன நரம்பணுவை எதுவும் எழுப்பாது. ஆகவே எல்லாம் காலத்தைப் பொறுத்தது. வியாதியின் குறி தோன்றுமுன்பே நுஸினெர்ஸென் பெற்ற 25 குழந்தைகளை வருஷக்கணக்காகக் கவனித்ததில், அனைவரும் உயிரோடிருந்தனர். பெரும்பாலோர் தாமே நடந்தனர். குறி தோன்றிய பிறகு தொடங்கியவர்களிடம் இத்தகைய பலன் இல்லை. அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதைப் பரீட்சிக்க வேண்டுமென்று 2018-இலேயே சிபாரிசு செய்திருக்கிறார்கள். வெட்டி ஒட்டுவதைத் திருத்தும் மருந்துகள் யாவும் இப்படிப் பயன்பட்டன என்பதும் இல்லை. டுஷேன் என்னும் தசை வியாதிக்காக 2016-இல் அனுமதி பெற்ற எடெப்ளிர்ஸென், ஓர் எக்ஸானை வேண்டுமென்றே விடச் செய்வது. அதனால் உண்டான டிஸ்டிரோபின், ஆரோக்கியமானவரிடம் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை; ஆலோசனைக் கமிட்டியின் பெரும்பான்மை எதிர்த்தும் அனுமதி கொடுத்தார்கள். விலை அதிகமாக இருப்பதனாலேயே ஒரு மருந்து அருமருந்தாகி விடாது.

இந்நாட்டில் வேறொரு வெட்டுப் பிழை இதைக்காட்டிலும் மிகப் பரவலாக இருக்கிறது. ஆண்டுதோறும் சுமார் 10,000 குழந்தைகள் கொடிய தலசீமியாவோடு இந்தியாவில் பிறப்பதாகக் கணக்கிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை பிறர் ரத்தம் ஏற்றினாலன்றி அவர்கள் பிழைப்பதில்லை. இந்திய நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை, பீட்டா குளோபின் மூலத்தின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்தான ஜி, ஸி-யாக மாறியிருப்பது. யு-1 பற்றும் இடம் அதுவே. பிடி தளரவே, உயிரணு அருகிலுள்ள மூன்று பொய்யான இடங்களில் வெட்டுகிறது. இவ்வியாதியில் ஒட்டுப் பிழையைத் திருத்தலாமென்று 1993-இலேயே வட கரோலினாவில் ரிஷார்ட் கோலேயும் ஸ்பிக்னியெவ் டொமின்ஸ்கியும் பரீட்சைக் குழாயில் காட்டினார்கள். நுஸினெர்ஸெனுக்கு 23 வருஷம் முன்பு! ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டவை, இன்ட்ரானுக்குள் புதிதாகப் பொய்யான வெட்டுமிடம் முளைத்த வேறு பிழைகள். பொய்யை மறைத்தால் உயிரணு மெய்யைத் தேடிக்கொள்ளும். நம்மவரிடம் உள்ளதோ மெய்யான இடமே நைந்து போன பிழை. மறைத்து மட்டும் பயனில்லை, யு-1-இன் பிடியை இறுக்க வேண்டும். ரிஸ்டிப்ளாம் வேறோரிடத்தில் செய்யும் வேலை இதுவே அல்லவா? அதே மருந்து இதற்கு உதவுமென்று நாம் சொல்லவில்லை. ஒவ்வோர் இடத்தின் உருவமும் வேறு. எலும்பு மஜ்ஜையிலுள்ள அணுக்களுக்கு மருந்தைச் சேர்ப்பிப்பதும் எளிதன்று. 2023-இல் பிரிட்டனில் முதலில் அனுமதி பெற்ற மரபணு வெட்டும் சிகிச்சை, பிழையைத் தொடாமல், சிசுப் பருவத்து ஹீமோகுளோபினைத் திரும்ப எழுப்பி வேலை செய்கிறது. அதன் விலை அமெரிக்காவில் 22 லட்சம் டாலர்.

மேனாட்டுக் கம்பெனி நமது ஐந்தாவது எழுத்தைத் தேடி வருமென்று காத்திருப்பது பேதைமை. அவ்வியாதியஸ்தர்கள் பெரும்பாலும் ஏழைகள். இங்கே ஆற்றல் இல்லாமலும் இல்லை: வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன் பலனை 2024-இல் உலகுக்கு வெளியிட்டார்கள். அத்தகைய இடங்களுக்குப் பத்து வருஷத்துக்கு நிச்சயமான பணம் வேண்டும். வருஷா வருஷம் மனுப்போட்டு வாங்கும் பணத்தால் இவ்வேலை நடவாது.

பட்ஜெட் விவாதம் வரும்போது சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நமது பிரதிநிதிகள் கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமான கேள்விகள். இந்த ராஜ்யத்தில் ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி என்று பதிவான குழந்தைகள் எத்தனை பேர்? 15,900 ரூபாய் விலை வந்த பிறகு சர்க்கார் வாங்கியது எத்தனை புட்டி? பிறந்த குழந்தைகளுக்கு ஒரு சொட்டு ரத்தப் பரீட்சையைப் பிரசவ ஆஸ்பத்திரிகளில் எந்த மாதத்திலிருந்து தொடங்குவார்கள்? மந்திரிகளிடமிருந்து வரும் பதில் எண்ணிக்கையாக இருக்கட்டும். “பரிசீலனையில் உள்ளது” என்று பதில் வந்தால், அடுத்த கூட்டத்திலும் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் எழுப்ப வேண்டும்.